நூற்றில் எண்பது சம்பளத்துக்கு: அமெரிக்கப் பாடசாலைச் சபைகளின் கணக்குப் புத்தகம்

புடவைக் கடையானாலும் சரி, பலசரக்குக் கடையானாலும் சரி, நமது வியாபாரிகளின் செலவுக் கணக்கில் முதலிடம் சரக்குக் கொள்முதலுக்குத்தான். கடை வாடகை, மின்கட்டணம், வங்கி வட்டி எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ஊழியர் சம்பளம் எவ்வளவு கூடினாலும் மொத்தச் செலவில் அது ஒரு சிறு பங்காகவே இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு தொழிலை எண்ணிப் பாருங்கள். செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சுமார் 80 ரூபா சம்பளத்துக்கும் ஊழியர் நலன்களுக்கும் போய்விடுகிறது. பொருளின் விலையை முதலாளி தீர்மானிக்க முடியாது. வாசலுக்கு வரும் எந்த வாடிக்கையாளரையும் திருப்பி அனுப்பவும் முடியாது. கெட்டிக்கார ஊழியருக்கும் மந்தமான ஊழியருக்கும் சேவைக்காலம் ஒன்றானால் சம்பளமும் ஒன்றுதான். விற்ற சரக்கு நல்லதா என்பது பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கழித்தே முழுமையாகத் தெரியவரும். அமெரிக்காவில் பாடசாலைச் சபைகள் நடத்துவது இத்தகையதொரு தொழிலைத்தான்.

எங்கோ இருக்கும் அமெரிக்கப் பாடசாலைகளின் கணக்கு நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது வர்த்தகர்களில் பலர் தத்தமது ஊர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் அங்கம் வகிக்கிறார்கள். சிலர் சர்வதேசப் பாடசாலைகளில் முதலீடு செய்து, அவற்றின் பணிப்பாளர் சபைகளில் அமர்ந்து ஆசிரியர் சம்பளத்தையே தீர்மானிக்கிறார்கள். கல்விக்குப் பணம் போட்டால் அதற்குப் பலன் கிடைக்கிறதா என்ற கேள்வியை அமெரிக்காவைப் போல இத்தனை விதமாகச் சோதித்துப் பார்த்த நாடு வேறில்லை. சோதனைகளில் பல தோல்வியடைந்தன. அந்தத் தோல்விகளின் கணக்கும் பகிரங்கமாக எழுதி வைக்கப்பட்டிருப்பதால் நமக்குப் பயன்படுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் சுமார் 13,000 பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றை ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஒரு சபை நிர்வகிக்கிறது. உதாரணமாக டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரச் சபையில் 9 உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது. இவர்கள் கல்வி அத்தியட்சகர் ஒருவரை நியமிப்பார்கள். கடை மொழியில் சொன்னால் சபை முதலாளி, அத்தியட்சகர் மனேஜர். வருடாந்த வரவு செலவுத் திட்டத்தை மனேஜர் தயாரிக்க, முதலாளிமார் அதனைப் பகிரங்கக் கூட்டத்தில் விவாதித்து வாக்களிக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் நிதியாண்டு ஜூலை முதலாம் திகதி ஆரம்பமாகும்.

வருமானத்தில் மத்திய அரசின் பங்கு சாதாரண காலங்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதியை மாநில அரசும் உள்ளூர் வரியும் ஏறத்தாழச் சரிபாதியாகத் தருகின்றன. உள்ளூர் வரியில் பெரும்பகுதி வீடு, காணி, கட்டடங்களின் மீதான ஆதன வரியாகும். நமது மாநகர சபைகள் அறவிடும் சோலை வரியின் பெரிய தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே விலையுயர்ந்த வீடுகள் உள்ள ஊரின் பாடசாலைக்கு வருமானம் அதிகம், ஏழைகளின் ஊருக்குக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்புவதே மாநில அரசின் வேலை. சில மாநிலங்கள் அதனை ஒழுங்காகச் செய்கின்றன, சில செய்வதில்லை. கலிபோர்னியாவில் 1978 இல் மக்கள் வாக்கெடுப்பு மூலமே ஆதன வரியை மதிப்பின் 1 வீதத்துக்குள் கட்டிப் போட்டார்கள். அன்று முதல் அங்குள்ள சபைகள் மாநிலத் தலைநகரின் கையைப் பார்த்தே வாழ வேண்டியதாயிற்று.

இன்னொரு விடயம் வியாபாரிகளுக்கு உடனே விளங்கும். மாநிலப் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. டெக்சாஸில் அது பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கு அல்ல, நாளாந்தம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் சராசரிக்கே கிடைக்கிறது. பிள்ளை வராவிட்டால் பணமும் வராது. ஆனால் 25 பிள்ளைகளில் இருவர் வராமல் போனால் ஆசிரியரின் சம்பளத்திலோ கட்டடத்தின் மின்கட்டணத்திலோ ஒரு சதமும் குறையாது. வாடிக்கையாளர் குறைந்தாலும் வாடகை குறையாத கடைக்காரரின் நிலைமைதான் இது.

சம்பளப் படிக்கட்டு

செலவில் எண்பது வீதம் சம்பளம் என்றால், சம்பளத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் முழுக் கதையும். அமெரிக்காவில் மிகப் பெரும்பாலான மாவட்டங்கள் ஒரே மாதிரியான அட்டவணையைப் பின்பற்றுகின்றன. கீழிருந்து மேலே சேவை வருடங்கள். இடமிருந்து வலமாகக் கல்வித் தகைமைகள். ஒரு வருடம் கழிந்தால் ஒரு படி மேலே, முதுமாணிப் பட்டம் பெற்றால் ஒரு கட்டம் வலப்பக்கம். ஆசிரியர் எங்கே கற்பிக்கிறார், எதைக் கற்பிக்கிறார், எப்படிக் கற்பிக்கிறார் என்ற கேள்விகளுக்கு அட்டவணையில் இடமில்லை.

இதனை முட்டாள்தனம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. 1921 இல் டென்வர், டெமொய்ன் ஆகிய நகரங்களில் இந்த முறை அறிமுகமான வேளையில் அது ஒரு நீதியான சீர்திருத்தமாக இருந்தது. அதற்கு முன்னர் உயர்தர வகுப்புகளில் கற்பித்த ஆண்களுக்கு ஒரு சம்பளம், சிறு வகுப்புகளில் கற்பித்த பெண்களுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம், கறுப்பின ஆசிரியர்களுக்கு இன்னும் குறைவு. அதிகாரிக்கு வேண்டியவர் என்றால் தனிக் கவனிப்பு. ஒரே அட்டவணை அந்தப் பாரபட்சத்தை வெட்டியது. தொழிற்சங்கங்கள் இன்றும் அதனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வெறும் சோம்பேறித்தனம் அல்ல.

என்றாலும் அதற்கு ஒரு விலை இருக்கிறது. முதுமாணிப் பட்டத்துக்காகக் கொடுக்கும் மேலதிகச் சம்பளத்தால் பிள்ளைகளின் பெறுபேறு உயர்வதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை. கணித ஆசிரியருக்கு வெளியே வேறு தொழில்கள் காத்திருக்கின்றன. ஆனாலும் அட்டவணை அவருக்கும் மற்றவருக்கும் ஒன்றே. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஏழைப் பிரதேசத்துப் பாடசாலையில் கற்பிப்பதற்கும் வசதியான பிரதேசத்தில் கற்பிப்பதற்கும் ஒரே சம்பளம் என்பதால், அனுபவம் வந்ததும் ஆசிரியர்கள் வசதியான இடத்துக்கு மாறிவிடுகிறார்கள். கஷ்டமான பாடசாலைக்குப் புதியவர்கள் வருவார்கள், பழகுவார்கள், போய்விடுவார்கள்.

இங்கே கணக்கு எழுதும் முறையும் ஒரு மறைப்பாக அமைகிறது. பல மாவட்டங்கள் ஒவ்வொரு பாடசாலைக்கும் இத்தனை ஆசிரியர் பதவிகள் என்று ஒதுக்கி, ஒரு பதவிக்கு மாவட்டத்தின் சராசரிச் சம்பளத்தைச் செலவாக எழுதிவந்தன. இரண்டு பாடசாலைகளுக்கும் தலா 40 ஆசிரியர்கள் என்றால் ஏட்டில் செலவு சமம். உண்மையில் ஒன்றில் மூத்த ஆசிரியர்கள் நிறைந்திருக்க, மற்றதில் முதலாம் இரண்டாம் வருடத்தவர்கள் நிறைந்திருப்பார்கள். காசோலைகளைக் கூட்டிப் பார்த்தால் ஏழைப் பாடசாலைக்குப் போகும் தொகை குறைவாக இருக்கும். இரண்டு கிளைகளுக்கும் ஒரே விலையில் சரக்கு எழுதிவிட்டு, ஒன்றுக்கு முதல்தரமும் மற்றதற்கு மூன்றாந்தரமும் அனுப்பும் மொத்த வியாபாரியை நாம் என்ன சொல்வோம்? 2015 ஆம் ஆண்டின் மத்திய கல்விச் சட்டம், ஒவ்வொரு பாடசாலைக்கும் உண்மையில் செலவான தலா தொகையை வெளியிட வேண்டும் என்று விதித்த பின்னரே இது பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது.

போனஸ் கொடுத்துப் பார்த்தார்கள்

வியாபாரியிடம் கேட்டால் உடனே சொல்வார்: விற்பனை கூடினால் போனஸ் கொடுங்கள், ஆள் ஓடி ஓடி வேலை செய்வான். அமெரிக்கர்களுக்கும் அதுவே தோன்றியது.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை மூன்று கல்வியாண்டுகள் ஒரு பரீட்சார்த்தம் நடந்தது. கணித ஆசிரியர்கள் சுமார் 300 பேர் சுயவிருப்பில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும், தமது மாணவரின் புள்ளிகள் நன்றாக உயர்ந்தால் 5,000 முதல் 15,000 டொலர் வரை போனஸ் என்று சொல்லப்பட்டது. முடிவில் போனஸ் வாய்ப்புப் பெற்றவர்களின் மாணவருக்கும் மற்றவர்களின் மாணவருக்கும் இடையே மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இருக்கவில்லை.

நியூயோர்க் 2007 இல் வேறொரு வழியில் முயன்றது. பாடசாலை முழுவதும் இலக்கை எட்டினால் ஓர் ஆசிரியருக்கு 3,000 டொலர் என்ற கணக்கில் பணம் பாடசாலைக்குப் போகும், பங்கீட்டை அங்குள்ள குழு தீர்மானிக்கும். பெரும்பாலான குழுக்கள் ஏறத்தாழச் சமமாகவே பங்கிட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் நடத்திப் பார்த்தும் மாணவர் பெறுபேறு உயரவில்லை என்று ஆய்வுகள் கூற, 2011 இல் திட்டம் கைவிடப்பட்டது.

காரணம் என்ன? என் கருத்தில் காரணம் எளிது. புடவைக் கடை விற்பனையாளருக்கு இன்னும் கொஞ்சம் சிரித்துப் பேசினால் விற்பனை கூடும் என்று தெரியும். மேலும் முயற்சி செய்ய அவரிடம் இடம் இருக்கிறது. ஆசிரியர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே தமக்குத் தெரிந்தவரை முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். தெரியாததைப் பணம் தெரியவைக்காது.

டென்வர் நகரம் இன்னொரு படிப்பினையைத் தந்தது. 2005 இல் அங்கு வாக்காளர்களே வருடம் 25 மில்லியன் டொலர் மேலதிக ஆதன வரி செலுத்தச் சம்மதித்து, பலவகை ஊக்குவிப்புத் தொகைகள் கொண்ட புதிய சம்பள முறையை ஏற்படுத்தினார்கள். ஆண்டுகள் செல்லச்செல்ல அது சிக்கலாகி, அடுத்த வருடம் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஆசிரியரால் சொல்ல முடியாத நிலை வந்தது. வருமானம் நிச்சயமில்லாதவர் வீட்டுக் கடனுக்கு எப்படி விண்ணப்பிப்பார்? 2019 பெப்ரவரியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று நாட்களில், விளங்கக்கூடிய எளிய அட்டவணை ஒன்றுக்கு இணக்கம் காணப்பட்டது.

டலஸ் செய்த வேறு வேலை

இந்தத் தோல்விகளுக்கு நடுவே டலஸ் நகரின் அனுபவம் தனித்து நிற்கிறது. கூர்ந்து பார்க்க வேண்டியதும் அதுவே.

2012 இல் அங்கு அத்தியட்சகராக வந்தவர் மைக் மைல்ஸ், முன்னாள் இராணுவ அதிகாரி. 2014-15 கல்வியாண்டில் சேவைமூப்பு அட்டவணையை முற்றாக எடுத்துவிட்டு, மதிப்பீட்டின் அடிப்படையில் சம்பளம் என்ற முறை அமுலுக்கு வந்தது. மதிப்பீட்டுக்கு மூன்று தூண்கள்: அதிபர் முன்னறிவித்தலின்றி வகுப்புக்குப் பலமுறை வந்து பார்ப்பது, மாணவரின் பரீட்சை முன்னேற்றம், மாணவர்களிடமே பெறப்படும் கருத்து. எத்தனை பேர் எந்தத் தரத்தில் இருக்கலாம் என்பதற்கு முன்கூட்டியே ஒரு பங்கீடு வகுக்கப்பட்டதால் மொத்தச் சம்பளச் செலவு கைமீறிப் போகவில்லை. ஆசிரியர்களுக்கு இது கசந்தது. சபையும் பிளவுபட்டது. 2015 இல் மைல்ஸ் விலகினார். ஆனால் திட்டத்தைச் சபை கைவிடவில்லை. ஆள் போனதும் திட்டமும் போகும் வழக்கத்துக்குப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வியப்புத்தான்.

யார் திறமையான ஆசிரியர் என்ற பட்டியல் கையில் வந்ததும் 2015-16 இல் அடுத்த அடியை வைத்தார்கள். பல வருடங்களாக மாவட்டத்தின் அடிமட்டத்தில் கிடந்த ஒரு சில பாடசாலைகளைத் தெரிவு செய்து, உயர்ந்த மதிப்பீடு பெற்ற ஆசிரியர் அங்கு போய்க் கற்பித்தால் வருடம் 10,000 டொலர் வரை மேலதிகக் கொடுப்பனவு என்று அறிவித்தார்கள். நல்ல அதிபர்களும் அவ்வாறே அனுப்பப்பட்டார்கள். பழைய ஆசிரியர்களில் பெரும்பாலானோர் இடமாற்றப்பட்டனர். பாடசாலை நேரமும் நீட்டப்பட்டது.

நாஷ்விலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இருக்கிற ஆளை இன்னும் வேகமாக ஓடச் சொல்லி இங்கே பணம் கொடுக்கவில்லை. நன்றாக ஓடக்கூடிய ஆளை, யாரும் போக விரும்பாத இடத்துக்கு வரவழைக்கப் பணம் கொடுத்தார்கள். விற்பனை இல்லாத கிளைக்குத் தனது மிகச் சிறந்த மனேஜரை இரண்டு மடங்கு படி கொடுத்து அனுப்பும் முதலாளியின் தந்திரம் இது.

பலன் உடனடியாகவே தெரிந்தது. எரிக் ஹனுஷெக், ஸ்டீவன் ரிவ்கின் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடைசியில் நின்ற அந்தப் பாடசாலைகளின் பெறுபேறு மாவட்டச் சராசரியை நெருங்கும் அளவுக்கு உயர்ந்தது. மாவட்டம் முழுவதிலும் கணிதத்தில் தெளிவான முன்னேற்றமும் வாசிப்பில் அதைவிடச் சிறிய முன்னேற்றமும் காணப்பட்டன.

பிறகு நடந்ததுதான் நெஞ்சைச் சுடுகிறது. பாடசாலைகள் முன்னேறிவிட்டன அல்லவா? முன்னேறிய பாடசாலைக்கு இனி விசேட கொடுப்பனவு எதற்கு என்று பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. திறமையான ஆசிரியர்களில் கணிசமானோர் புறப்பட்டுப் போனார்கள். புள்ளிகள் மீண்டும் வீழ்ந்தன. நோய் மாறிவிட்டது என்று மருந்தை நிறுத்தியதன் விளைவைப் பிள்ளைகள் அனுபவித்தார்கள். அந்தக் கஷ்டமான பாடசாலை கஷ்டமான பாடசாலையாகவேதான் இருந்தது, அதன் பெறுபேறு மட்டுமே மாறியிருந்தது என்பதைக் கணக்கு எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள்.

2019 இல் டெக்சாஸ் மாநிலம் இயற்றிய சட்டம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்க முயன்றது. தகுதி பெற்ற ஓர் ஆசிரியருக்காக வருடம் 3,000 முதல் 32,000 டொலர் வரை மாநிலமே மாவட்டத்துக்குக் கொடுக்கும் என்று அந்தச் சட்டம் அன்று விதித்தது. பாடசாலை எவ்வளவு ஏழை மாணவர்களைக் கொண்டதோ, எவ்வளவு பின்தங்கிய கிராமத்தில் உள்ளதோ அவ்வளவுக்குத் தொகை கூடும். அதாவது கொடுப்பனவு பாடசாலையின் பெறுபேற்றில் அல்ல, அதன் பிள்ளைகளின் நிலைமையில் தங்கியிருக்கிறது. அதில் 90 வீதம் அந்தப் பாடசாலையின் ஆசிரியர் சம்பளத்துக்கே போக வேண்டும் என்பதும் விதி.

நமது நாட்டில் அரச பாடசாலை ஆசிரியரின் சம்பளத்தில் கைவைக்கும் அதிகாரம் எந்த அபிவிருத்திச் சங்கத்துக்கும் இல்லை. சம்பளத் திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. கஷ்டப் பிரதேசம், அதி கஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தல் நம்மிடமும் உண்டு. ஆனால் அங்கு யார் போகிறார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இடமாற்றக் கடிதந்தான். டலஸின் படிப்பினை நேரடியாகப் பொருந்துவது, சம்பளத்தைத் தாமே தீர்மானிக்கும் சர்வதேசப் பாடசாலைச் சபைகளுக்கும், தொண்டர் ஆசிரியருக்கு ஊர்ப் பணத்தில் கொடுப்பனவு வழங்கும் சங்கங்களுக்குமே.

சம்பளத்தைச் சபை தன் விருப்பப்படி பேசித் தீர்மானிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. விஸ்கொன்சின் மாநிலம் 2011 இல் தொழிற்சங்கங்களின் பேரம்பேசும் உரிமையைச் சட்டத்தால் சுருக்கியது. பல மாவட்டங்கள் அட்டவணையை விட்டு, ஆளுக்கு ஆள் பேசிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின. அப்படிச் செய்த மாவட்டங்களுக்குத் திறமையான ஆசிரியர்கள் நகர்ந்தார்கள், பெறுபேறும் உயர்ந்தது என்று பொருளியலாளர் பார்பரா பியாசி கண்டறிந்தார். அவரே பின்னர் இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில் வேறொன்றும் வெளிப்பட்டது. தகைமையும் அனுபவமும் ஒன்றாக இருந்தும் பெண் ஆசிரியர்களின் சம்பளம் ஆண்களை விடக் குறையத் தொடங்கியிருந்தது. அதிலும் இளம் பெண்களுக்கே பாதிப்பு அதிகம். பேரம் பேச ஆண்கள் தயங்கவில்லை, பெண்கள் தயங்கினார்கள். 1921 இல் மூடிய கதவு மறுபடியும் கொஞ்சம் திறந்துகொண்டது.

கட்டடம் கட்டினால் போதுமா?

இதனைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் கதை பெரியது, பாடம் சிறியது. மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் இனப் பாகுபாட்டை நீக்க 1985 இல் ஒரு நீதிபதி இட்ட கட்டளையின் பேரில் பன்னிரண்டு வருடங்களில் சுமார் 2 பில்லியன் டொலர் கொட்டப்பட்டது. ஒலிம்பிக் அளவு நீச்சல் தடாகம், கோளரங்கம், தொலைக்காட்சிக் கலையகம் எல்லாம் வந்தன. வகுப்பில் மாணவர் தொகையும் குறைக்கப்பட்டது. பரீட்சைப் பெறுபேறு அசையவில்லை. 2000 ஆம் ஆண்டில் மாநிலம் அந்த மாவட்டத்தின் அங்கீகாரத்தையே இரத்துச் செய்தது. திறப்பு விழாவும் பெயர்க் கல்லும் நமது ஊர்களிலும் ஆசிரியர் பற்றாக்குறையை விட வேகமாகப் பணம் சேர்க்கக்கூடியவை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்காகப் பணத்தால் பயனில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. கிராபோ ஜாக்சன் முதலானோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், 12 வருடப் பாடசாலைக் காலம் முழுவதும் தலா செலவு 10 வீதம் கூடியிருந்த பிள்ளைகள், வளர்ந்து உழைக்கும்போது சுமார் 7 வீதம் அதிக வருமானம் பெற்றனர் என்று கண்டறியப்பட்டது. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பலன் அதைவிட அதிகம். அங்கே கூடிய பணம் பெருமளவில் ஆசிரியர் சம்பளத்துக்கும் வகுப்பில் மாணவர் தொகையைக் குறைப்பதற்கும் போயிருந்தது. ஒரு வருடம் கொடுத்து மறு வருடம் நிறுத்திய பணமல்ல அது. பன்னிரண்டு வருடங்கள் நின்று நிலைத்த பணம்.

ஒருமுறை வந்த பணம்

நோன்புப் பெருநாள் மாதத்து இலாபத்தை நம்பி நிரந்தர ஊழியர் பத்துப் பேரைச் சேர்க்கும் கடைக்காரர் எவரும் இருக்க மாட்டார். கோவிட் காலத்தில் பல அமெரிக்கச் சபைகள் அதையே செய்தன.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் மத்திய அரசு மூன்று தவணைகளில் சுமார் 190 பில்லியன் டொலரைப் பாடசாலைகளுக்கு வழங்கியது. கடைசித் தவணையைச் செலவுக்கு ஒப்பந்தம் செய்து முடிக்க வேண்டிய திகதி 2024 செப்டெம்பர் 30. முடிவுத் திகதி எழுதிக் கொடுத்த பணம். பல சபைகள் அதில் புதிய ஆசிரியர்கள், ஆலோசகர்கள், உதவியாளர்கள் என்று ஆட்சேர்ப்புச் செய்தன. சில அடிப்படைச் சம்பளத்தையும் உயர்த்தின. அதே காலத்தில் அரச பாடசாலைகளின் மாணவர் தொகை நாடளாவிய ரீதியில் பத்து இலட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தது. வாடிக்கையாளர் குறையக் குறைய ஊழியர் கூடினர். பணத்தால் கல்வி கொஞ்சம் மீண்டது உண்மை. தலைக்கு 1,000 டொலர் கூடுதலாகச் செலவிட்ட இடங்களில் கணித அறிவு ஒரு கல்வியாண்டின் நூற்றில் மூன்று பங்களவு உயர்ந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். ஆனால் திகதி வந்ததும் சம்பளம் கொடுக்கும் கடமை மட்டும் எஞ்சியது.

சிக்காகோவில் இது பகிரங்கச் சண்டையாக வெடித்தது. அங்கு 1995 முதல் சபையை நகர முதல்வரே நியமித்து வந்தார். 2024 இல் முதல்வரோ ஆசிரியர் சங்கத்தின் முன்னாள் அமைப்பாளர். புதிய சம்பள ஒப்பந்தத்துக்கும் ஓய்வூதியக் கொடுப்பனவுக்கும் 300 மில்லியன் டொலர் குறுங்காலக் கடன் எடுக்குமாறு அவர் தரப்பு வலியுறுத்தியது. அத்தியட்சகர் மறுத்தார். தாம் நியமித்த சபையே கடனுக்குத் தயங்கியபோது, 2024 ஒக்டோபரில் சபையின் 7 உறுப்பினர்களும் ஒரே நாளில் பதவி விலகும் அறிவிப்பு வெளியானது. புதிதாக நியமிக்கப்பட்ட சபை டிசெம்பரில் அத்தியட்சகரைப் பதவி நீக்கியது. மாதச் சம்பளத்துக்குக் கடன் வாங்கும் நிறுவனத்தைப் பற்றி எந்த வங்கி முகாமையாளரிடம் கேட்டாலும் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும்.

அதே நகரம் 2013 இல் சுமார் 50 பாடசாலைகளை ஒரேயடியாக மூடியிருந்தது. அந்தக் காயம் ஆறாததால் பின்னர் மூடுவதற்கே தடை வந்தது. 2025 இல் அங்குள்ள ஓர் உயர்நிலைப் பாடசாலையில் 28 மாணவர்களே இருந்தனர், ஒருவருக்கான செலவு வருடம் 93,000 டொலர் அளவில் இருந்தது. மூடினால் அந்த ஊரின் கடைசி நிறுவனமும் போய்விடும் என்று பெற்றோர் அழுகிறார்கள். மூடாவிட்டால் பக்கத்துப் பாடசாலையின் ஆசிரியர் சம்பளம் இங்கே கரைகிறது. இரண்டும் உண்மை. ஏட்டைப் பார்த்து மட்டும் தீர்க்கக்கூடிய விடயமல்ல இது.

டலஸில் இருந்து விலகிய மைக் மைல்ஸ் 2023 ஜூனில் ஹூஸ்டன் நகருக்கு அத்தியட்சகராக வந்தார். இம்முறை மாநில அரசு, மக்கள் தெரிவு செய்த சபையை ஓரங்கட்டிவிட்டுத் தானே ஒரு சபையை நியமித்து அவரை அனுப்பியது. கஷ்டமான பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினார், பல பாடசாலைகளில் நூலகங்களை மூடினார். பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தன, ஆசிரியர்களும் பெருமளவில் விலகினார்கள். 2024 நவம்பரில், கட்டடத் திருத்தங்களுக்கும் பாதுகாப்புக்குமென 4.4 பில்லியன் டொலர் கடன் பத்திரம் வெளியிட நகர மக்களின் சம்மதம் கேட்கப்பட்டது. ஒழுகும் கூரைகளும் பழைய குளிரூட்டிகளும் உண்மையாகவே திருத்தப்பட வேண்டியிருந்தன. ஆனால் தாம் தெரிவு செய்யாத சபையிடம் பணத்தை ஒப்படைக்க மாட்டோம் என்று பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது.